போர்மேன் வீட்டு ஏசி

ஏசி மறுபடியும் நின்றுவிட்டது.

'டொக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வேலை முடிந்து வந்து, கை கால் கழுவி, கட்டிலில் அப்போதுதான் சாய்ந்த வெள்ளைத்துரை துள்ளி எழுந்தார். தலையணைக்கு அடியில் இருந்த விசிலை எடுத்து மூன்று முறை ஊதினார்.

"எல்லாரும் வெளிய வாங்க!"

வீட்டில் இருந்தது அவரையும் சேர்த்து இரண்டு பேர். அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி முருகம்மாள் அரிவாள்மணையை விட்டு அசையவில்லை.

"வெளிய வந்து என்ன செய்ய? ஏசிதான நின்னுருக்கு. அணுகுண்டா வெடிச்சிருச்சு?"

"நின்னதுக்கு அப்புறந்தான் எதுவும் வெடிக்கும். ஒனக்கு என்ன தெரியும்? மொதல்ல அடுப்ப அமத்து!"

முருகம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு, நறுக்கிய வெங்காயத்தோடு தெருவுக்கு வந்து நின்றாள். வெள்ளைத்துரை மெயினை அணைத்தார். ப்யூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வாசலில் இருந்த மணல் வாளியைத் தூக்கி நடுவீட்டில் வைத்துவிட்டு வந்து, மனைவி பக்கத்தில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பதினஞ்சு நிமிசம்."

"உலையில அரிசி கெடக்கு."

"கெடக்கட்டும். அது எங்கயும் போகாது."

வெள்ளைத்துரைக்கு அச்சங்குளத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன் வேலை. அவர் பார்வையில் இருந்த அறைகளில் இருபது வருஷத்தில் ஒரு பொறி பறந்தது கிடையாது. வேலைக்கு வருகிறவர்கள் வாசலில் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். செருப்பு கூடாது, நைலான் துணி கூடாது, இரும்புச் சாமான் கூடாது, ஓர் அறைக்குள் நாலு பேருக்கு மேல் கூடாது. இதெல்லாம் எந்தக் கம்பெனியிலும் சொல்வதுதான். வெள்ளைத்துரை தன் பங்குக்கு ஒன்று சேர்த்திருந்தார். எது நின்றாலும் சரி, எது புகைந்தாலும் சரி, விசில் ஊதி, ஆளை வெளியேற்றி, மெயினை அணைத்து, பதினைந்து நிமிஷத்துக்கு ஒருவரும் கிட்டே போகக் கூடாது.

இந்த இருபது வருஷத்தை மெச்சித்தான் முதலாளி ஜெயச்சந்திரன் அவருக்கு ஏசி வாங்கிக் கொடுத்தார். ஆளனுப்பி மாட்டியும் கொடுத்தார். போன வாரம் கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னார்.

"தாயில்பட்டியில புது யூனிட் ஆரம்பிக்கிறேன் வெள்ளத்தொர. அம்புட்டையும் பாத்துக்கிட ஒரு தலைமை போர்மேன் வேணும். ஞாயித்துக்கெழம ஒன் வீட்டுக்குச் சாப்பிட வாறேன். ஏசில உக்காந்து பேசுவோம்."

அன்றிலிருந்து பிடித்தது வினை. முதல் நாலு நாள் ஊட்டி மாதிரி ஓடிய ஏசி, அதற்குப் பிறகு தினமும் போட்ட அரைமணி நேரத்தில் 'டொக்'. புரட்டாசி மாதம். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. வானம் பழைய கம்பளி மாதிரி மூடிக்கொண்டு சாத்தூரையே அவித்துக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு வாசலில் பொன்மணியின் தலை தெரிந்தது. பட்டாசுக் கம்பெனிகளுக்கு, மருந்து அடைக்கிற காகிதக் குழாய் உருட்டிக் கொடுக்கிறவள். கையில் எப்போதும் பசை காய்ந்திருக்கும்.

"என்ன அண்ணாச்சி, ஏசி நின்னுபோச்சா?"

"ஆமா தாயி."

"திரும்ப எப்பப் போடுவீக?"

"பதினஞ்சு நிமிசம் ஆகணும். பெறகு மேல போய்ப் பாக்கணும்."

"பாத்துச் சட்டுனு சரி பண்ணுங்க அண்ணாச்சி. இந்தப் புழுக்கத்துல எப்பிடி இருப்பீக?" என்று சொல்லிவிட்டு அவசரமாக உள்ளே போனாள்.

வெள்ளைத்துரைக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. கூடப்பிறந்த தங்கச்சி இதே தெருவின் கடைசி வீட்டில்தான் இருக்கிறாள். ஒரு நாள் கேட்டிருப்பாளா?

பதினைந்து நிமிஷம் முடிந்ததும் மாடிக்குப் போனார். கைப்பிடிச் சுவரை ஒட்டி ஏசியின் வெளிப்பெட்டி உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் பொன்மணி வீட்டு மாடி. நடுவில் இடுப்பளவு சுவர். பெட்டியைச் சுற்றி ஒரு தூசி துரும்பு இல்லை. கீழே வந்து, ஏசிக்குள் இருந்த தூசி வலையைக் கழற்றிக் கழுவி, துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டினார். ஏசி ஓடியது. அரைமணி நேரம் கழித்து, 'டொக்'.

மறுநாள் மெக்கானிக் பாண்டி வந்தான். படுக்கையறை வாசலில் ஒரு செம்புத் தாம்பாளம் ஆணியடித்து மாட்டியிருந்தது.

"அதத் தொட்டுட்டு வா," என்றார் வெள்ளைத்துரை.

"சாமி தட்டா அண்ணாச்சி?"

"எங்க அம்மா சீர் குடுத்த தட்டு," என்றாள் முருகம்மாள் அடுப்படியிலிருந்து. "கல்யாணத்துக்கு வந்தவுக மொய் வச்ச தட்டு. இப்ப ஓட்டையாக் கெடக்கு."

"ஒடம்புல இருக்கிற கரண்டு அதுல எறங்கிரும். தொடுலே!"

பாண்டி தொட்டான். அவன் போட்டிருந்தது பாலியஸ்டர் சட்டை, பேண்ட். இரண்டையும் கழற்ற வைத்து, தன்னுடைய பருத்தி வேட்டியையும் பனியனையும் கொடுத்தார் வெள்ளைத்துரை. செல்போன் மணல் வாளிக்குப் போனது. திருப்புளியை எடுத்தான், அதையும் பிடுங்கிக்கொண்டார்.

"இரும்பு ஆகாது."

"திருப்புளி இல்லாம எப்பிடி அண்ணாச்சி கழட்டுவேன்?"

வெள்ளைத்துரை அடுப்படிக்குப் போய் ஒரு பித்தளைக் கரண்டியோடு வந்தார். "இதோட காம்பு பட்டையாத்தான் இருக்கு. இதுல திருகு."

நாலு திருகாணியைக் கழற்ற ஒரு மணி நேரம் ஆனது. நாலின் தலையும் வழுவழுவென்று ஆகிவிட்டது. கரண்டி கேள்விக்குறி மாதிரி வளைந்தது. சாம்பாரை இனி எதை வைத்து ஊற்ற என்று முருகம்மாள் கேட்டதை இருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

உள்ளே எல்லாம் சரியாக இருந்தது. மாடிக்குப் போய், வெளிப்பெட்டி பக்கத்திலேயே நின்றுகொண்டு ஓட்டிப் பார்த்தார்கள். அரைமணி, முக்கால் மணி, ஒரு மணி. குயில் மாதிரி ஓடியது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பொன்மணி இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் நிக்கிறீகளா அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"நல்லாத்தான ஓடுது?" என்றான் பாண்டி.

இறங்கி வந்து காபியை வாயில் வைத்தார்கள். சிறிது நேரத்தில் 'டொக்'.

விசில். தெரு. பதினைந்து நிமிஷம். வேட்டி பனியனோடு தெருவில் நின்ற பாண்டியைப் பார்த்துப் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம், "வீட்டுல எதுவும் விசேசமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

"வயர் தாங்கல அண்ணாச்சி," என்று முடிவாகச் சொன்னான் பாண்டி. "தடி வயரா இழுக்கணும்."

தடி வயருக்குச் சுவரில் புது ஓட்டை போட வேண்டியிருந்தது. போட்டார்கள். சுவருக்குள் தண்ணீர்க் குழாய் போவது ஓட்டை போட்ட பிறகுதான் தெரிந்தது. நடுவீட்டில் குற்றாலம். மணல் வாளி முதல்முறையாகப் பயன்பட்டது. மணலைக் கொட்டிவிட்டுத் தண்ணீர் பிடித்தார்கள். பாண்டியின் செல்போன் மணலோடு போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து முருகம்மாள் பொன்மணி வீட்டிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்தாள்.

"ஒங்க ஏசி வந்து எனக்கு ஏகப்பட்ட குளிர்ச்சி," என்றாள் புருஷனிடம், சேலை நனைய நனைய.

தடி வயரிலும் ஏசி நின்றது.

வெள்ளைத்துரை இரண்டு நாள் லீவு போட்டு யோசித்தார். வெளிப்பெட்டி வெட்டவெளியில் இருக்கிறது. சூடு ஏறுகிறது. சூடு ஏறினால் எதுவும் நிற்கத்தான் செய்யும். நிழல் வேண்டும். நாலு கால் நட்டு, பெட்டிக்கு மேலே மேசை மாதிரி அகலமாகத் தகரம் அடித்தார். தகரத்துக்குத் தனியாக எர்த் கம்பி கொடுத்தார்.

"ரொம்ப நல்ல காரியம் அண்ணாச்சி," என்றாள் பொன்மணி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து. கண்ணில் நீர் தளும்பாத குறை. "மள தூறுனாக்கூடப் பயமில்ல."

அன்று ஏசி இருபது நிமிஷத்தில் நின்றது.

அப்படியானால் சூடு இல்லை. காக்காய், அணில் ஏதோ உள்ளே புகுந்து விளையாடுகிறது. பெட்டியின் வெக்கைக் காற்று வெளியே வருகிற பக்கம் முழுக்க, ஓர் அடி தள்ளி, கம்பி வலை அடித்தார்.

"எம்புட்டு யோசன அண்ணாச்சி ஒங்களுக்கு!" என்று வியந்தாள் பொன்மணி.

அன்று பத்தே நிமிஷம். பதினைந்து நிமிஷம் கழித்து மாடிக்குப் போய்ப் பார்த்தால், காக்காயும் இல்லை, ஒரு துரும்பும் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் வெள்ளைத்துரை கட்டிலில் உட்கார்ந்து ஏசியையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருஷம் நானூறு பேருக்குப் பாதுகாப்பு சொல்லிக்கொடுத்தவர். வீட்டில் ஒரு பெட்டியை ஓட வைக்கத் தெரியவில்லை என்று முதலாளி நினைத்தால் தாயில்பட்டி போச்சு. தாயில்பட்டி போனால்கூடப் பரவாயில்லை. திங்கட்கிழமை எந்த முகத்தோடு விசில் ஊதுவது?

"பேசாம மொதலாளிகிட்ட ஏசி ரிப்பேருன்னு சொல்லிருங்க," என்றாள் முருகம்மாள், இந்த முறை கொஞ்சம் இரக்கத்தோடு.

"அவுக வாங்கிக் குடுத்தத ரிப்பேருன்னு எப்பிடிச் சொல்ல?"

ஞாயிற்றுக்கிழமை பகல் ஒரு மணிக்கு முதலாளி வந்தார். செம்புத் தாம்பாளத்தைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே தொட்டார். வெள்ளைத்துரை நெளிந்தார்.

"மொதலாளி... தப்பா நெனைக்கப்படாது. சட்ட பாலியஸ்டர் மாதிரித் தெரியுது."

முதலாளி ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றி முருகம்மாளின் கையில் கொடுத்துவிட்டு, பனியனோடு போய் ஏசிக்கு நேரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இலை போட்டார்கள். கறிக்குழம்பு, சுக்கா, முட்டை. ஏசி சில்லென்று ஓடியது. கதவோரத்தில் வேட்டி பனியனோடு பாண்டி, பிரசவ வார்டு வாசலில் நிற்கிறவன் மாதிரி நின்றான்.

"ஒரு வாரமா மூட்டம் பாத்தியா?" என்றார் முதலாளி, ரசத்தை உறிஞ்சிக்கொண்டே. "குழாய் எதுவும் காய மாட்டேங்குது. நாளைக்கு லோடு வரணும், எங்க வரப்போகுதுன்னு தெரியல. சீசன் நேரத்துல இப்பிடி. சரி, அத விடு. தாயில்பட்டி விசயத்துக்கு வருவோம்." தயிர்ச்சோற்றைப் பிசைந்தார். "நான் என்ன முடிவு பண்ணிருக்கேன்னா..."

'டொக்.'

பாண்டி கண்ணை மூடிக்கொண்டான். முருகம்மாள் புருஷனைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினாள். முதலாளிக்கு ஏசி நின்றது தெரிந்ததாகவே தெரியவில்லை. இன்னும் பத்து நிமிஷம், சாப்பிட்டு முடித்துவிடுவார். சொல்ல வந்ததைச் சொல்லிவிடுவார்.

வெள்ளைத்துரையின் கை விசிலைத் தேடியது. எடுத்தது. கீழே வைத்தது. மறுபடி எடுத்தது. சட்டம் என்றால் எல்லாருக்கும் சட்டம். மூன்று முறை ஊதினார்.

"மொதலாளி, வெளிய வாங்க!"

"என்னலே, சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்!"

"வெளிய வாங்க மொதலாளி! பெறகு பேசுவோம்!"

அச்சங்குளத்துக் கம்பெனி முதலாளி, பனியனோடு, வலது கையில் தயிர்ச்சோறு ஒழுக ஒழுக, தெருவில் வேப்பமரத்தடியில் நின்றார். ஒரு பக்கம் முருகம்மாள் கையில் அவர் சட்டையோடு. இன்னொரு பக்கம் பாண்டி. தெருவில் கூட்டம் கூடிவிட்டது. முதலாளியின் முகம் சிவந்திருந்தது.

"எம்புட்டு நேரம்லே நிக்கணும்?"

"பதினஞ்சு நிமிசம் மொதலாளி."

முதலாளியின் கையில் தயிர்ச்சோறு காய ஆரம்பித்தது. ஐந்து நிமிஷம் போனது. வெள்ளைத்துரையின் கழுத்தில் வியர்வை ஊற்றியது. வேலையே போய்விட்டது என்று அவர் மனசுக்குள் முடிவுகட்டிவிட்டார்.

"வெள்ளத்தொர."

"மொதலாளி..."

"நான் இருக்கேன்னு பாத்து விசில் ஊதாம இருந்திருந்தா, சாப்பிட்டுட்டுப் பேசாமப் போயிருப்பேன்." முதலாளி இடது கையால் அவர் தோளைத் தட்டினார். "என்னையே எலையில இருந்து எழுப்பி வெளிய தள்ளுத பாத்தியா, இந்த மாதிரி ஆளுதான் எனக்கு வேணும். தாயில்பட்டி ஒனக்குத்தான்."

முருகம்மாள் சட்டையால் கண்ணைத் துடைத்தாள். முதலாளி சட்டை.

"ஆனா ஒண்ணு," என்றார் முதலாளி. "ஏன் நின்னுச்சுன்னு காரணம் தெரியாம எந்த ரூமையும் தெறக்க விடமாட்டியே. இது ஏன்லே நிக்குது?"

இருபது வருஷத்தில் முதல்முறையாக வெள்ளைத்துரை தலையைக் குனிந்துகொண்டு, "தெரியல மொதலாளி," என்றார்.

அப்போது மேலே மாடியில், கைப்பிடிச் சுவருக்கு மேல் பொன்மணியின் தலை எட்டிப் பார்த்தது. வேப்பங்கிளைக்கு அடியில் நின்ற முதலாளி அவள் கண்ணில் படவில்லை.

"அண்ணாச்சி, எனக்குன்னு நீங்க அடிச்சுக் குடுத்த தகரத்து மேல வச்ச குளாயெல்லாம் நல்லாக் காஞ்சிருச்சு, வலையில மாட்டுனது மட்டுந்தான் ஈரமாக் கெடக்கு, நாளைக்கு ஒங்க கம்பெனிக்கு லோடு போகணும், இன்னும் ஒரு அரைமணி நேரம் அந்த ஏசியப் போட்டு விடுங்களேன்!"