கடற்சனியன்களுக்கு ஜேர்மனியில் இடங்கொடாதே

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.

அன்புள்ள தம்பி தம்பிராசாவுக்கு,

நீயும் பிள்ளைகளும் அந்தக் குளிரிலும் சுகமாயிருக்கக் கோணேசரை வேண்டுகிறேன். இங்கே நான் சுகம். உன் அத்தான்தான் இடுப்புப் பிடித்துக் கிடக்கிறார். காரணம் கடற்சனியன்கள்.

அவரும் கிண்ணியா மஹ்ரூபும் அந்தப் பெயரில் பங்க் இசைக்குழுவைத் தொடங்கியது சண்டைக் காலத்தில் என்பது உனக்கு நினைவிருக்கும். அலைச்சறுக்குப் பாட்டு என்றார்கள். கடலில் கால் நனைக்கவே அனுமதி கேட்ட காலம், சறுக்குப் பலகையை இருவரும் படத்தில்தான் கண்டிருந்தார்கள். சமாதானம் வந்தது, வெள்ளைக்காரரும் பலகையோடு வந்தார்கள், அத்தானுக்கு மட்டும் நீச்சல் வரவில்லை. முப்பது வருடமாக அதே கத்தல். ஒருமுறை கூப்பிட்ட கலியாண வீட்டார் பிறகு எங்களைக் கண்டால் வீதியின் மற்றப் பக்கத்தால் போவார்கள். போன வருடம் ஒரு ஜேர்மன்காரன் அவர்களுடைய பழைய கசற்றை எங்கோ கேட்டுவிட்டுத் தேடி வந்து, "நீங்கள் மேதைகள்" என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து உன் அத்தான் மரக்கறி வாங்கவும் கறுப்புக் கண்ணாடியோடுதான் போகிறார். தேங்காய் திருவச் சொன்னால் விரல் பழுதாகிவிடுமாம்.

போன சனிக்கிழமை உப்புவெளிக் கடற்கரையில் கச்சேரி. மேடைக்கு நடந்து வருவது மரியாதைக்குறைவு, கிற்றாரோடு பலகையில் நின்றபடி கடலிலிருந்து வருவேன் என்றார். "உங்களுக்கு நீந்தத் தெரியாதெல்லோ" என்றேன். "பலகை மிதக்கும் புஸ்பம், நான் சும்மா நிண்டால் சரி" என்றார். பலகை மிதந்தது. அவர் மிதக்கவில்லை. பக்கத்துச் சல்லி ஊர் மீனவர்கள் கரைவலையோடு சேர்த்து இழுத்தெடுத்தார்கள். "அண்ணை, கொஞ்சம் அங்கால அரக்குங்கோ, கீழ பாரை மீன் நசியுது" என்றாராம் ஒருவர். சனமோ அதுவும் நிகழ்ச்சி என்று நினைத்துக் கைதட்டியது.

அந்தக் கைதட்டலைப் படம்பிடித்த ஜேர்மன்காரன் இப்போது குழுவை ஜேர்மனிக்குக் கூப்பிடுகிறான். ஓய்வூதியம் கைக்கெட்டும் நேரத்தில் வேலையை விடப்போகிறாராம் இவர். மஹ்ரூபின் மனைவி சனூஸாவும் என்னிடம் வந்து அழுதுவிட்டுப் போனாள். தம்பி, அத்தான் அழைப்பெடுத்தால் வீட்டில் இடமில்லை என்று சொல்லிவிடு. ஜேர்மன் சனம் எங்களுக்கு என்ன தீங்கு செய்தது என்றும் ஒருக்கால் கேள்.

பத்திரகாளி அம்மன் உங்களுக்கு ஆயுளையும் அவருக்குக் கொஞ்சம் வெட்கத்தையும் தரட்டும்.

அன்பு அக்கா,
புஸ்பராணி

பி.கு.: அவர் வலைக்குள் கிடந்த நேரம், மஹ்ரூப் ட்ரம்ஸை நிறுத்தாமலே, "அக்கா, நீங்க வந்து பாடுங்க" என்று கெஞ்சினான். குசினிக்குள் நின்று இத்தனை வருடம் கேட்டவளுக்கு ஒரு சொல்லும் மறக்கவில்லை. சனம் என்னை மேடையிலிருந்து இறங்க விடவில்லை. ஜேர்மன்காரன் அனுப்பிய பயணச்சீட்டில் முதற்பெயர் என்னுடையது. ஆகவே வீட்டை ஒதுக்கி வை. அவருக்கு நிலத்தில் ஒரு பாய் போதும், பாடுகிற ஆளுக்குத்தான் கட்டில் வேணும்.