ஒரு கடி ரொட்டி

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்பதற்கு இத்தனை பாடு பட வேண்டியிருக்கும் என்று நர்ஸ் கனவிலும் நினைத்ததில்லை. வீட்டில் அதே கேள்வியை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்பவள் அவள். பதிலைக் காதில் வாங்குவதுகூட இல்லை. இன்று பதில் வேண்டும். அதுவும் பதினோரு மணிக்குள்.

கட்டிலில் உட்கார்ந்திருந்தவள் ஒரு தையல்காரம்மா. அகதி முகாமிலிருந்து மூன்று பஸ் மாறி வந்திருந்தாள். இரண்டு கண்ணிலும் புரை. ஊசியில் நூல் கோக்க முடியாமல் ஒரு வருடமாகத் தொழிலே நின்றுபோனதாக முகாம் டாக்டர் கடிதத்தில் எழுதியிருந்தார். கை கால் நடுங்குகிறது என்பதால் மயக்க ஊசி போட்டுத்தான் ஆபரேஷன். அதற்கு வயிறு காலியாக இருக்க வேண்டும். ஒரு வாய் சாப்பிட்டிருந்தாலும் இன்று கிடையாது. அடுத்த தேதி நாலு மாதம் கழித்து. கண் டாக்டர் அதில் கறார்.

அந்தம்மாவின் மொழி ஆஸ்பத்திரியில் ஒருவருக்கும் தெரியாது. போனில் மொழிபெயர்த்துச் சொல்கிறவர்களைக் கூப்பிட்டால், வரிசையில் நீங்கள் பதினேழாவது ஆள் என்று ஒரு குரல் குழைந்து சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டது. போனை மேஜையில் பாட விட்டுவிட்டு நர்ஸ் சொந்த முயற்சியில் இறங்கினாள்.

நல்லவேளை, புருஷன் கூட இருந்தார். காலையில் நடைபாதை பெஞ்சில் இருவரும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். அந்தம்மாவைக் கூப்பிட்டபோது அவரும் வழிவிட எழுந்தார். "நீங்களும் வாங்க ஐயா" என்று நர்ஸ் கையோடு இழுத்து வந்துவிட்டாள். மனிதர் கன்னத்தில் கை வைத்தபடியே வந்தார். ஆபரேஷன் என்றால் கவலை இருக்காதா, பின்னே.

அவரிடமே கேட்டாள். வீட்டம்மா சாப்பிட்டாங்களா? தலையாட்டினார். சாப்பிடலையா? அதற்கும் அதே தலையாட்டல். சீருடைக்காரர்கள் எதைக் கேட்டாலும் ஆமாம் என்று சொல்லிவிடுவதே நல்லது என ஏதோ ஓர் எல்லைச் சாவடியில் கற்றுக்கொண்ட தலை அது. நர்ஸுக்கு அதெல்லாம் தோன்றவில்லை. நம் வீட்டுக்காரரும் இப்படித்தான் என்று மட்டும் தோன்றியது.

அதற்குள் தையல்காரம்மாவின் கை நடுங்க ஆரம்பித்தது. இவரானால் சுவரோரமாய் ஒண்டிக்கொண்டு நிற்கிறார். நர்ஸுக்குச் சுள்ளென்று வந்தது.

"பக்கத்துல உட்காருங்களேன் ஐயா. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினவங்க கையைக் கொஞ்சம் பிடிச்சா என்ன குறைஞ்சுடும்?"

அவர் கையைப் பிடித்து அந்தம்மா கையில் வைத்து, மேலே ஒரு தட்டும் தட்டினாள். நடுக்கம் மெல்ல அடங்கியது. தன் கைராசியைத் தானே மெச்சிக்கொண்டு, பேப்பரும் பேனாவும் எடுக்கப் பக்கத்து அறைக்குப் போனாள்.

ஒரு தட்டு, அதில் ஆவி பறக்கும் சாப்பாடு, குறுக்கே ஒரு பெருக்கல் குறி, ஓரத்தில் கேள்விக்குறி. பள்ளிக்கூடத்துக்குப் பிறகு இவ்வளவு சிரத்தையாக அவள் படம் போட்டதில்லை. திரும்பி வந்து நீட்டினாள். தையல்காரம்மா தாளைத் தடவிப் பார்த்து, மரியாதையாக நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். கண் தெரியவில்லை என்று வந்தவளுக்குப் படம் போட்டுக் காட்டிய முதல் அறிவாளி தான்தான் என்பது நர்ஸுக்கு அப்போதுதான் உறைத்தது.

வாசலில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. பல் பிரிவு ஆயா.

"சிஸ்டர், என் பதினாலாம் நம்பர் பல்லு இந்தப் பக்கம் வந்துச்சா? காலையிலேருந்து ஆளைக் காணோம்."

"இங்க கண்ணு மட்டும்தான்க்கா. நானே என் கண்ணோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன், போங்க."

இனி நடிப்புதான் வழி. தையல்காரம்மாவின் முகத்தருகே குனிந்து, ஐந்து விரலையும் குவித்து வாய்க்குக் கொண்டுபோய், மென்று, வயிற்றைத் தடவிக் காட்டினாள். அந்தம்மாவின் முகம் அப்படியே இளகிப்போனது. பைக்குள் துழாவி, துணியில் சுற்றிய ரொட்டியை எடுத்து நர்ஸின் வாயருகே நீட்டினாள். வேண்டாம் என்று தலையாட்டினால் வெட்கப்படுகிறாள் என்று எண்ணி முகவாயைத் தடவினாள். "ஐயோ, எனக்கில்லம்மா" என்று சொல்ல வாய் திறந்ததுதான் தாமதம், ரொட்டி உள்ளே போய்விட்டது.

அந்த ரொட்டியின் மறு ஓரத்தில் ஏற்கெனவே ஒரு கடி இருந்தது.

டாக்டர் உள்ளே வரவும் அதுதான் நேரமாகக் கிடைத்தது. நர்ஸின் உப்பிய கன்னத்தைப் பார்த்தார். ரொட்டியைப் பார்த்தார்.

"ரெண்டு கடி தெரியுது. ஒண்ணு உங்களோடது. இன்னொண்ணு?"

நர்ஸுக்கோ வாய் நிறைய ரொட்டி.

"வீட்டுக்கு அனுப்பிடுங்க. நாலு மாசம் கழிச்சு வரட்டும்."

அவள் இரண்டு கையையும் விரித்துப் பத்து நிமிடம் கேட்டாள். ஐந்து என்று ஒரு கையை மட்டும் காட்டிவிட்டு டாக்டர் போனார். நூல் கோக்க இன்னும் நாலு மாதமா? ரொட்டி தொண்டையில் அடைத்தது. ஒன்றும் அறியாத தையல்காரம்மா அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

மேஜையில் பாட்டு நின்றது. போனில் ஒரு மனிதக் குரல். நர்ஸ் ஸ்பீக்கரைப் போட்டு, முழுங்கியும் முழுங்காமலும், அந்தம்மா சாப்பிட்டாரா என்று கேட்கச் சொன்னாள். அங்கே ஒரு வாக்கியம் கேட்டார்கள். இங்கே ஒரு பாராவே பதிலாக வந்தது.

"நேத்து சாயங்காலத்துலேருந்து பச்சைத் தண்ணிகூடப் பல்லுல படலையாம் சிஸ்டர். ரொட்டி ஆபரேஷன் முடிஞ்சு சாப்பிடக் கொண்டுவந்ததாம். நீங்க ரொம்பப் பசியா இருந்தீங்களாமே, இப்ப தேவலையான்னு கேக்கறாங்க."

நர்ஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனாலும் டாக்டருக்குக் கணக்குச் சொல்ல வேண்டுமே. அப்படியானால் அந்த இன்னொரு கடி? அவங்க புருஷன் கடிச்சதான்னு கேளுங்க என்றாள்.

போனில் பேச்சு போய் வந்தது. தையல்காரம்மா முதலில் முழித்தாள். பிறகு சிரித்தாள். பிறகு தான் பிடித்திருந்த கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு, நிதானமாக ஏதோ சொன்னாள். கையின் சொந்தக்காரர் வழக்கம்போலத் தலையாட்டினார். வாசலில் ஆயாவின் தலை மறுபடி முளைத்திருந்தது.

"சிஸ்டர், அவங்க புருஷன் தவறி ஆறு வருஷம் ஆச்சாம்," என்றது போன். "பயப்படறவங்க கையைப் பிடிச்சுக்கறதுக்குன்னே உங்க ஆஸ்பத்திரியில ஒரு ஆளை வேலைக்கு வச்சிருக்கீங்களே, அது ரொம்ப நல்ல ஏற்பாடாம், ஆனா பாவம் அவருக்குப் பல்லுவலி போல, இவங்க குடுத்த ரொட்டியை ஒரு கடிக்கு மேல கடிக்க முடியல, அவரையும் யாராவது கொஞ்சம் கவனிங்கன்னு சொல்றாங்க."