பேத்தியின் சாட்சிக்கு நான் செய்த சத்ரு சம்ஹாரம்

மட்டாஞ்சேரி
2006 ஆவணி

அன்புத் தம்பி இசக்கிமுத்துவுக்கு, அக்காள் மாடத்தி எழுதிக்கொண்டது. இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம், மானத்துக்குத்தான் சுகமில்லை. சங்கரன்கோவிலில் உங்கள் சுகத்துக்கு எழுதவும்.

நம் ரஜிதா கம்ப்யூட்டரைப் பிரித்து, அழித்ததையும் திரும்ப எடுத்துக் காட்டுகிற வேலையில் இருக்கிறாள் அல்லவா? கொச்சங்காடி அரிசிக் கிட்டங்கியில் முதலாளிக்கு மிரட்டல் மெயில் அனுப்பியது அங்கே வேலை பார்க்கும் ரமேஷ்பாபு என்று கேஸ். கிட்டங்கிக் கம்ப்யூட்டரைப் பரிசோதித்தவள் இவள். வருகிற திங்கட்கிழமை போலீஸ் தரப்பில் சாட்சி சொல்ல வேண்டும். உடனே நான், என் பேத்தி ஒரு குற்றவாளியை உள்ளே தள்ளப்போகிறாள் என்று உனக்கும் எழுதி, சாயாக்கடை வரைக்கும் பரப்பிவிட்டேன். அவளோ கதவைச் சாத்திக்கொண்டு சாட்சி சொல்லிப் பழகுகிறாள். காதை வைத்துக் கேட்டால், "அது எனக்குத் தெரியாது" என்று பழகுகிறாள். மெயில் அந்தக் கம்ப்யூட்டரிலிருந்துதான் போனது, தட்டியது யார் கை என்று என்னால் சொல்ல முடியாது என்று மலையாளத்தில் ஒருதரம், இங்கிலீஷில் ஒருதரம். ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் தெரியாது என்று சொல்லலாம், களமசேரியில் அத்தனை வருஷம் படித்தவள் ஜட்ஜி முன்னால் சொன்னால் ஊர் சிரிக்காதா? பிள்ளைமேல் யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று பகவதி கோயிலுக்கு ஓடி, அவள் பெயரில் சத்ரு சம்ஹார புஷ்பாஞ்சலிக்குச் சீட்டு எடுத்தேன். எதிரி ஒழியச் செய்கிற பூசை. இங்கே பூசையையும் பெயரையும் நட்சத்திரத்தையும் சாந்திக்காரர் உரக்க வாசித்துத்தான் பிரசாதம் தருவார். "சத்ரு சம்ஹாரம், ரஜிதா, அத்தம்" என்றார், கை நீட்டினேன். "சத்ரு சம்ஹாரம், ரமேஷ்பாபு, மகம்" என்றார். பக்கத்தில் கை நீட்டியவள் அவன் தாய் செல்வலட்சுமி.

சண்டைக்கு வந்திருந்தால் நானும் ஒரு கை பார்த்திருப்பேன். அவள் மெதுவாகத்தான் கேட்டாள்: "எக்கா, எம் மவன் ஒங்க பேத்திக்குச் சத்ருவா? பகவதி இப்ப யாரச் சம்ஹாரம் பண்ணுவா?" தம்பி, சந்தனத்தை நெற்றியில் வைக்கக் கை கூசியது.

வீட்டுக்கு வந்து ரஜிதாவிடம் சொன்னேன். தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "ஆச்சி, எனக்கு யாரும் சத்ரு இல்ல. நான் எந்தப் பக்கமும் இல்ல. கண்டதச் சொல்லுவேன், காணாததத் தெரியாதுன்னு சொல்லுவேன். இனி இந்தப் பூசையையும் கோர்ட்ல சொல்லணும்" என்றாள். சாமி கும்பிட்டதையுமா என்றேன். "மறைச்சா, அப்புறம் நான் சொல்றது எதையும் நம்பமாட்டாங்க." ஆக, என் புஷ்பாஞ்சலியை ஜட்ஜி எழுதிக்கொள்ளப் போகிறார். ஒரு ஆளுடைய ஜெயிலும் விடுதலையும் இவள் வாய்ச்சொல்லில் இருக்கிறது, அதில் என் வாயை வைத்துவிட்டேனே என்று சோறு இறங்கவில்லை. கேஸ் முடிகிறவரை அந்த வீட்டாரோடு பேச்சே கூடாது, அறைக்குள் கேட்டதை வெளியே விடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். நீயும் என் பழைய கடிதத்தைப் பார்த்து யாரிடமாவது பெருமை பேசியிருந்தால், போய்த் திரும்ப வாங்கிக்கொள்.

உன் பேரப்பிள்ளைகள் நூறு வயசு இருக்கட்டும், என் வாயில் அகப்படாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தலைகுனிந்த அக்காள்
மாடத்தி

பின்குறிப்பு: செல்வலட்சுமி நேற்று வந்து அழுதாள். மகனுக்காக நேர்ந்துகொண்டு நாளை சங்கரன்கோவிலுக்குத்தான் வருகிறாளாம். தபாலுக்கு எதற்குக் காத்திருப்பது என்று இதை அவள் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். கவரை ஒட்டப் பசை இல்லை. உனக்குக் கண் தெரியாவிட்டால் அவளையே வாசிக்கச் சொல், தமிழ் நன்றாக வாசிப்பாள். கேஸைப் பற்றி மட்டும் அவளிடம் ஒரு வார்த்தை பேசிவிடாதே.