ஞாயிற்றுக்கிழமை வரை மலையைத் தொடாதீர்கள்

செவ்வாய்க்கிழமை, காலை

மரியாதைக்குரிய சித்தப்பாவுக்கு,

அண்ணன் மகள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் மாப்பிள்ளை, கூடத்துச் சுவர் ஆகிய மூவரும் இருக்கிறோம். முதல் இருவர் நலம். அங்கே உங்கள் இரத்த அழுத்தம் இறங்கியதா, சித்தியின் இருமல் நின்றதா, உங்கள் குளியலறைக் கூரையில் ஈரம் இறங்குவதாகச் சித்தி போன மாதம் சொன்னாரே, அது என்ன ஆயிற்று என்றெல்லாம் அறிய ஆவல்.

விஷயத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை மேஸ்திரியை அனுப்பாதீர்கள்.

இதைப் படித்ததும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படிப்பீர்கள் என்று தெரியும். பதினான்கு மாதமாக இந்தச் சுவரைப் பற்றி உங்களைத் தொந்தரவு செய்தவள் நான்தான். சித்தப்பாவாக இருக்கும்போது முதல் மணியிலேயே போனை எடுப்பீர்கள், வீட்டுக்காரராக இருக்கும்போது எப்போதும் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பீர்கள் என்று உங்கள் மாப்பிள்ளையிடம் குறைபட்டவளும் நான்தான். பேச்சு எங்கே தொடங்கினாலும் நீங்கள் ஒரே இடத்தில்தான் கொண்டுவந்து முடிப்பீர்கள்: “உங்களுக்கு முன்னால ஆறு வருஷம் ஒரு பெரியவர் இருந்தாரும்மா, ஒரு நாள் ஒரு வார்த்தை சொன்னதில்ல. ஈரம் நீங்க வந்தப்புறம்தான் வந்துச்சு. துணியை வீட்டுக்குள்ள காயப்போடாத.” அந்தப் பெரியவரை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் பதினான்கு மாதமாக அவர்மேல் எனக்குத் தீராத கோபம். சரி, இப்போது ஒப்புக்கொள்கிறேன். துணி என் தவறு. சமையலறை ஆவி என் தவறு. ஈரம் முழுக்க என் தவறு. இதுவரை சொன்ன எல்லாப் புகாரையும் திரும்பப் பெறுகிறேன். பதிலுக்கு நீங்கள் செய்யவேண்டியது ஒன்றுதான், ஞாயிற்றுக்கிழமை வரை சுவரை யாரும் தொடக் கூடாது. போனில் சொன்னால் “கேக்கல, கேக்கல” என்று வைத்துவிடுவீர்கள் என்பதால் கடிதமாக எழுதுகிறேன். நாளை மாப்பிள்ளை அந்தப் பக்கம் வருகிறார், கையில் கொடுத்தனுப்புகிறேன்.

காரணத்தைச் சொல்கிறேன். ஆறு மாதமாக ஓர் ஒளிப்படக் குழுவில் இருக்கிறேன். பல் மருத்துவமனைக்கு மேல் மாடியில் ஓர் அறை, ஒன்பது பேர், மாதம் ஒரு சனிக்கிழமை. மலை, ஏரி, மரம், மேகம் என்று ஆளுக்கொரு படம் முந்தின நாளே அனுப்பிவிட வேண்டும். ஜன்னலை மூடி, திரையில் போட்டு, எல்லோரும் பேசுவோம். மனிதரைப் படமெடுக்கத் தடை இல்லை, ஆனால் எடுத்தால் ஏன் என்று கேட்பார்கள். குழுவில் இரண்டு விதிகள் உண்டு. முதலாவது, எல்லோரும் பேசி முடிக்கும்வரை படம் எடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. இரண்டாவது, எந்த இடம் என்று எடுத்தவர் மட்டும்தான் சொல்லவேண்டும், ஆனால் கட்டாயம் சொல்லவேண்டும். நல்ல இடத்தைத் தனக்கென்று ஒளித்துவைத்துக்கொள்பவரைக் குழுவிலிருந்து நீக்கிவிடுவார்கள். போன வருடம் ஓர் அருவியை ஒளித்ததற்காக ஒருவரை நீக்கியிருக்கிறார்கள்.

என் படங்களைப் பற்றி அங்கே இதுவரை யாரும் அதிகம் பேசியதில்லை. ஏரியைப் போட்டால் “நல்லாயிருக்கு” என்பார்கள், மரத்தைப் போட்டால் “ம், நல்லாயிருக்கு” என்பார்கள், அடுத்த படம் வந்துவிடும். நான் பார்க்கும் வேலை உங்களுக்குத் தெரியும். காப்பீட்டு அலுவலகத்தில் நாள் முழுக்க நசுங்கிய கார்க் கதவு, எரிந்த குளிர்சாதனப் பெட்டி, விரிசல் விட்ட கூரை என்று அடுத்தவர் சேதங்களின் படங்களைப் பார்த்துச் சரிபார்ப்பது. அழகானதைப் பார்க்கும் கண்ணும் எனக்கு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் நாற்பத்தாறு வயதில் கேமரா வாங்கினேன். ஆறு மாதத்தில் தெரிந்தும் விட்டது, இல்லை என்று.

போன வெள்ளிக்கிழமை இரண்டு படங்களை அனுப்பவேண்டியிருந்தது. மாலை நேரத்து ஏரி குழுவுக்கு, ஈரச் சுவர் உங்களுக்கு. சுவரைப் படமெடுப்பதில் நான் கொஞ்சம் கறாரானவள். நேரே வெளிச்சம் பட்டால் சேதம் தெரியாது, பக்கவாட்டில் விழவேண்டும். அதனால் சமையலறை ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து வரும் நாலு மணிக்குக் காத்திருந்து, ஸ்டூல்மேல் ஏறி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். பிறகு பஸ் நிறுத்தத்தில் நின்றபடி இரண்டையும் அனுப்பினேன். சாம்பல் நிறத்தில் இரண்டு சின்னக் கட்டங்கள் போனில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, பஸ்ஸும் வந்துவிட்டது.

உங்களுக்கு ஏரி வந்தது. “நாளுக்கு நாள் மோசமாகிறது, இதைப் பார்த்த பிறகாவது யாரையாவது அனுப்புங்கள்” என்று நான் எழுதியதன்கீழே ஏரி. பதினான்கு மாதமாக உண்மையான சுவரைப் பார்த்து அசையாத நீங்கள் ஐந்தாவது நிமிடம் கூப்பிட்டீர்கள். அப்போது நீங்கள் கண்ணாடி போட்டிருக்கவில்லை என்று பிறகு சித்தி சொன்னார். “ஏம்மா, இவ்வளவு தண்ணியா நிக்குது?” என்றீர்கள். ஈரத்தைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைத்து “ஆமா சித்தப்பா, ரொம்ப மோசம்” என்றேன். “அந்த ஓரமா கவுந்து கெடக்கறது சோபாவா?” என்றீர்கள். சுவரோரம் இருக்கும் சோபாவை நகர்த்த முடியாமல் விட்டிருந்ததால், “அதை ஒண்ணும் பண்ண முடியல, அப்படியே விட்டுட்டேன்” என்றேன். பிறகு, “வியாழக்கிழமை மேஸ்திரி வருவான், நீங்க ரெண்டு பேரும் மாடிப் பக்கம் இருந்துக்குங்க” என்றீர்கள். எங்களுக்கு மாடி எது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். உங்கள் அன்பில் நெகிழ்ந்துபோய் யோசிக்கவில்லை. அது சோபா அல்ல சித்தப்பா, படகு.

மறுநாள் சனிக்கிழமை ஜன்னல்களை மூடினார்கள். திரையில் என் ஏரிக்காகக் காத்திருந்தேன். வந்தது நம் வீட்டுச் சுவர்.

சொல்ல வாயெடுத்தேன். குழுவில் ஒருவரான கீழ்த்தளத்துப் பல் டாக்டர் அம்மா உதட்டில் விரலை வைத்து விதியை நினைவூட்டினார். யாரோ நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டார்கள். பிறகுதான் தொடங்கினார்கள். பூச்சு உப்பி எழுந்த இடம் மலைத்தொடர், உப்புப் பூத்த இடம் பனிமூட்டம், கீழே கறுத்துப்போன பகுதி அடர்ந்த காடு. பல் டாக்டர் அம்மா, “இவ்வளவு அமைதியான படத்தை நான் இந்த அறையில் பார்த்ததில்லை” என்றார். பறவைக்காரர் என்று ஒருவர் இருக்கிறார், எந்தப் படத்திலும் பறவை தேடுபவர். எழுந்து திரையருகே போய், இடது மேல் மூலையில் ஒரு கழுகைக் கண்டுபிடித்தார். அது காலண்டர் மாட்டும் ஆணி. கழுகு கீழே பார்க்கிறது என்றும், இரையைப் பார்த்துவிட்டது என்றும் சொன்னார். குழுவின் தலைவர் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வுபெற்றவர், மூன்று கால் ஸ்டாண்டை எப்போதும் தோளில் சுமப்பதால் எங்களுக்குள் அவர் பெயர் முக்காலி. அதிகம் பேசாதவர். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இந்த மலையை எனக்கு நல்லாத் தெரியும். நாலு மணிக்குத்தான் இது எந்திரிக்கும்” என்றார்.

பாவம், பெரிய மனிதர், தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு ஏதோ சொல்லிவிட்டார்; இனி நான் உண்மையைச் சொன்னால் ஒன்பது பேர் முன்னால் அவர் மானம் போகும். வாயை மூடிக்கொண்டதற்கு இதுதான் காரணம் என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முழுக் காரணம் அது இல்லை. பதினொரு நிமிடம் பேசினார்கள் சித்தப்பா. நான் செய்த ஒன்றைப் பற்றி, என் வீட்டில், என் அலுவலகத்தில், என் கல்யாணத்தில்கூட, யாரும் பதினொரு நிமிடம் பேசியதில்லை. அந்த இருட்டில் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அது சுவர் என்பது எனக்கே பாதி மறந்துபோயிற்று.

பேச அனுமதி கிடைத்ததும் எந்த இடம் என்று கேட்டார்கள். நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. “வீட்டுக்குப் பக்கந்தான்” என்றேன். எவ்வளவு பக்கம் என்றார்கள். “நடந்தே போயிடலாம்.” ஏறுவது கஷ்டமா என்று பல் டாக்டர் அம்மா கேட்டார். “நான் ஸ்டூல் போட்டுத்தான் ஏறினேன்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், என்ன தன்னடக்கம் என்றார்கள். வாயிலிருந்து உண்மையாகப் புறப்பட்டதெல்லாம் அவர்கள் காதில் பொய்யாகப் போய் விழுந்தது. முடிவில், வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு வேன் வைத்து எல்லோருமாக அங்கே போவது, வழியை நான் காட்டுவது, நூலகத்துக் கண்காட்சியில் இடத்தின் பெயரோடு இந்தப் படத்தை வைப்பது என்று தீர்மானமாயிற்று. முக்காலி மட்டும் ஸ்டாண்டை மடித்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளையிடம் சொன்னேன். “சொல்லித் தொலையேன், என்ன குடியா முழுகிடும்?” என்றார். போனிலேயே சொன்னால் என்ன ஆகும்? இடத்தைக் காட்ட மனமில்லாமல் சுவர் கிவர் என்று கதை கட்டுகிறாள் என்பார்கள், அருவிக்காரருக்கு நேர்ந்தது எனக்கும் நேரும். சுவரோடு சேர்த்துச் சொன்னால்தான் நம்புவார்கள். அதனால் அவர்களை இங்கேயே அழைத்துவந்து காட்டிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். “ஒன்பது பேரை வேன்ல ஏத்தி, நம்ம தெருவையே ஒரு சுத்து சுத்தி, நம்ம வாசல்லயே எறக்கப்போற?” என்று மாப்பிள்ளை கேட்டார். ஆமாம், அப்படித்தான். சிரித்தால் சிரிக்கட்டும், குழுவிலிருந்து நீக்கினால் நீக்கட்டும். ஆனால் வியாழக்கிழமை உங்கள் மேஸ்திரி வந்து சுரண்டிப் பூசிவிட்டால், ஞாயிறன்று நான் அவர்களுக்குக் காட்டப்போவது ஒரு வெள்ளைச் சுவரை. அதைவிட அசிங்கம் வேறு வேண்டாம்.

ஆகவே இந்த நாலு நாளை எனக்குக் கொடுங்கள். மேலே எழுதியபடி ஈரம் என் குற்றம்தான். அந்தப் பெரியவர் உத்தமர், நான் துணி காயப்போடுபவள். அதைக் கையெழுத்துப் போட்டே தருகிறேன்.

பெரியவர்களான உங்கள் இருவர் ஆசியும் எங்களோடு எப்போதும் இருக்கட்டும். சித்திக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்

பின்குறிப்பு (செவ்வாய், மாலை ஐந்து மணி): உறையை ஒட்டப்போகும்போது வாசல் மணி அடித்தது. திறந்தால் தோளில் ஸ்டாண்டோடு முக்காலி. சரியாக நாலு மணி. குழுவில் யாருக்கும் என் முகவரி தெரியாது. “உள்ள வரலாமா? வழி எனக்குத் தெரியும்” என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு, நாங்கள் இன்னும் தடவித் தேடும் அந்த மூலை ஸ்விட்சைப் பார்க்காமலே போட்டார், வெளிச்சம் வேண்டாம் என்று உடனே அணைத்தார், சுவர் எதிரில் போய் நின்றார். நெடுநேரம் பார்த்துவிட்டு, “வளந்திருக்கு. இடப்பக்கம் இருக்குதே சின்ன மலை, அது என் காலத்துல கெடையாது” என்றார்.

புரிகிறதா சித்தப்பா? உங்கள் உத்தமப் பெரியவர் இவர்தான். ஆறு வருஷம் இதே இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். சனிக்கிழமையே சொல்லியிருக்கலாமே என்றேன். எந்த இடம் என்று படம் எடுத்தவர்தான் சொல்லவேண்டும், விதி விதிதான் என்றார். அந்த ஆணியை அடித்தவரும் அவரேதானாம். “கழுகுன்னு அவர் சொன்னப்போ எனக்கே கொஞ்சம் பெருமையா இருந்துச்சும்மா.” ஆறு வருஷமாக ஏன் ஒரு வார்த்தை புகார் சொல்லவில்லை என்று கேட்டேன். முட்டியைத் தடவிக்கொண்டு சொன்னார்: “சொன்னா பூசிடுவாங்களே. முட்டி போனப்புறம் எனக்கு வேற மலை ஏது?”

எனவே மேலே உள்ள மன்னிப்பு, துணி, ஆவி, கையெழுத்து எதுவும் செல்லாது. ஈரம் எங்களுக்கு முன்பே குடிவந்தது, சாட்சி இருக்கிறது. மேஸ்திரி ஞாயிறு வரை வரக்கூடாது என்பது மட்டும் அப்படியே நிற்கிறது. திங்களன்று வந்தே தீரவேண்டும். கடிதத்தைத் திருப்பி எழுத நேரமில்லை. மாப்பிள்ளைக்குப் பதில் முக்காலியே இதை நாளை மூன்றரை மணிக்கு நேரில் கொண்டுவருகிறார். ஸ்டாண்டு எதற்கு என்று கேட்காதீர்கள், உள்ளே விட்டுவிடுங்கள். உங்கள் குளியலறைக் கூரையைப் பற்றி நான்தான் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழும் என்று கேட்டார்.