பதினான்காம் எண் கடையின் நாற்பத்திரண்டு பணியாளர்கள்

மனிதன் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தான். பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தான். அதன்பின் நெடுங்காலம் சும்மா இருந்துவிட்டு, ஐந்தே நிமிடத்தில் இணையதளம் கட்டித் தரும் செயற்கை நுண்ணறிவைக் கண்டுபிடித்தான். இடையில் வந்த அச்சு இயந்திரம், மின்சாரம், தடுப்பூசி முதலான சில்லறைச் சமாச்சாரங்களை நான் பொருட்படுத்துவதில்லை. சிறுதொழில் மேம்பாட்டு அலுவலகத்தின் உதவி இயக்குநர் என்ற முறையில் இதைப் பொறுப்புடன் சொல்கிறேன்.

எங்கள் அலுவலகத்தின் வேலை சிறுதொழில்களை மேம்படுத்துவது. பதினெட்டு ஆண்டுகளாக அதைப் படிவங்கள் மூலம் செய்துவந்தோம். சென்ற ஆண்டு எங்கள் இயக்குநர் ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டு, கழுத்தில் அடையாள அட்டை தொங்கத் திரும்பி வந்தார். அட்டையைக் கழற்றாமலே கூட்டம் போட்டார்.

"இனிமே கடைக்கு ஒரு இணையதளம். மூணு மாசத்துல சந்தைக் கட்டடம் முழுக்க முடிச்சாகணும்."

"கடைக்காரங்களுக்கு இதெல்லாம் தெரியாதே சார்," என்றார் கண்காணிப்பாளர்.

"தெரியவே வேணாம். அதுதான் இதோட சிறப்பு. நமக்கும் தெரிய வேணாம்."

இதில் இருந்த சமத்துவம் என்னை மெய்சிலிர்க்க வைத்தது. அன்றே திட்டத்தின் முதல் பயனாளியைத் தேர்ந்தெடுத்தேன். அது என் அக்கா. உறவுக்குச் சலுகை காட்டினேன் என்று யாரும் அவசரப்பட்டு நினைக்க வேண்டாம். அவள் என் அக்கா என்பது அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. வீட்டில் "அக்கா", கோப்பில் "பயனாளி எண் 1". இரண்டையும் நான் ஒருபோதும் கலந்ததில்லை.

அக்காவின் கடை நகராட்சிச் சந்தைக் கட்டடத்தில் பதினான்காம் எண். ஐந்து பேருக்கு மேல் வேலை செய்யாத சிறு கடைகளுக்கு மட்டும் ஒதுக்கப்படும் கட்டடம் அது. ஒரு தையல் இயந்திரம், இரண்டு முக்காலி, சுவர் முழுக்கக் கொக்கிகளில் பைகள். அக்காவும் அத்தானும் பதினாறு வருடமாக அங்கே பை ரிப்பேர் செய்தார்கள். அறுந்த வார், கிழிந்த அடிப்பாகம், போன ஜிப்பு. அவர்களுடைய வேலைமுறை எந்த மேலாண்மை நூலிலும் இல்லாதது. ஜிப்பு போச்சு என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அக்கா புது ஜிப்பு போடவே மாட்டாள். குறடால் அதன் தலையை ஓர் அமுக்கு அமுக்குவாள், மெழுகுவர்த்தியால் மேலும் கீழும் இரண்டு இழுப்பு இழுப்பாள், "போயிட்டு வாங்க, இன்னும் ஒரு வருஷம் ஓடும்" என்று அனுப்பிவிடுவாள். காசு நீட்டினால் முறைப்பாள். இப்படிப்பட்ட பிற்போக்கான வணிகத்தால்தான் கடை வாசலில் எந்நேரமும் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

ஒரு மதியம் மடிக்கணினியைத் தையல் இயந்திரத்தின் மேலேயே வைத்தேன்.

"அக்கா, அது கேள்வி கேட்கும். நீ பதில் சொன்னாப் போதும்."

"கையில வேலை இருக்குடா."

"அஞ்சே நிமிஷம்."

'உங்கள் கனவு என்ன?' என்று இயந்திரம் கேட்டது.

"ஒரு ஃபேன்," என்றாள் அக்கா, நெற்றியைத் துடைத்துக்கொண்டே.

'உங்கள் வாடிக்கையாளருக்கு எதைத் தர விரும்புகிறீர்கள்?'

"பையைத்தான். அவங்க பையை நாம வச்சிக்கிட்டு என்ன பண்றது?" என்றார் அத்தான்.

இந்த இரண்டு பதில்களே அதற்குப் போதுமானவையாக இருந்தன. நான்கு நிமிடத்தில் தளம் தயார். கடையின் பெயர் 'பயணங்களை மீண்டும் இணைக்கும் கலைக்கூடம்' என்று மாறியிருந்தது. குறடால் அமுக்குவது 'உலோக மறுசீரமைப்பு'. மெழுகுவர்த்தி 'இயற்கை மெழுகு சிகிச்சை'. 'எங்கள் கதை' என்ற பகுதியில், கொட்டும் மழையில் கிழிந்த பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு சிறுமி அழுதாள். அந்தச் சிறுமி வளர்ந்துதான் இந்த நிறுவனத்தைத் தொடங்கினாளாம். அத்தான் அதை வாய்விட்டுப் படித்தார். முடிக்கும்போது அவருக்குக் குரல் கம்மிவிட்டது.

"இதெல்லாம் எப்ப நடந்துச்சு? கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

"எனக்கே இப்பதாங்க தெரியுது," என்றாள் அக்கா.

அதற்கும் கீழே 'எங்கள் குடும்பம்'. நாற்பத்திரண்டு பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தலைமை வடிவமைப்பாளர், மூத்த ஜிப்பு வல்லுநர், வார் ஆலோசகர், மகிழ்ச்சி அலுவலர். எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பல். அவர்களுக்கும் கீழே மூன்று கிளைகளின் படங்கள், கண்ணாடிச் சுவர்களோடு.

அக்கா வேலையை நிறுத்தினாள். "யாருடா இவங்கள்லாம்?"

"உன் பணியாளர்கள்."

"இங்க இருக்கிறதே ரெண்டு முக்காலி. இத்தனை பேர் எங்க உட்காருவாங்க?"

"இது இணையதளம்கா. யாரும் உட்கார வேணாம்."

"பொய்யா இருக்கு தம்பி. இதை எடுத்துடு."

எடுக்கத்தான் போனேன், சத்தியமாக. ஆனால் அந்த நாற்பத்திரண்டு பேரை நீக்கியதும் மூலையில் இருந்த 'முழுமை மதிப்பெண்' தொண்ணூற்றேழிலிருந்து ஐம்பத்தெட்டுக்கு விழுந்தது. தொண்ணூறுக்குக் கீழே உள்ள எந்தத் தளத்தையும் இலக்கில் சேர்க்கக் கூடாது என்று சுற்றறிக்கை. அதில் கையெழுத்திட்டதும் நான்தான். என் சொந்தக் கையெழுத்தை நானே மீறுவதா? ஒரே ஒரு அழுத்தில் நாற்பத்திரண்டு பேரையும் மீண்டும் பணியமர்த்தினேன். வேலைவாய்ப்புத் துறையில்கூட இப்படி ஒரு சாதனை நிகழ்ந்ததில்லை.

"எடுத்துட்டியா?" என்றாள் அக்கா, தைத்தபடியே.

"ஆச்சுக்கா," என்றேன்.

தளத்தில் வாடிக்கையாளர்களிடம் பேச ஒரு 'தோழி'யும் இருந்தாள். இரவு பகல் பாராமல் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்வாள். முடியாது என்ற சொல் அவளுக்குக் கற்பிக்கப்படவில்லை. ஒரு பள்ளி ஆசிரியை, பெட்டியின் ஜிப்பு போய்விட்டது என்று அவளிடம் கேட்டிருக்கிறார். 'கவலை வேண்டாம்! எங்கள் மூத்த ஜிப்பு வல்லுநர் இரண்டு மணி நேரத்தில் உங்கள் வாசலில் இருப்பார்' என்று தோழி சொல்லிவிட்டாள். ஆசிரியை ஒரு நாள் விடுப்புப் போட்டுக் காத்திருந்தார். மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார்.

"உங்க ஆள் வரவே இல்லையே!"

"எந்த ஆளும்மா?"

"இதோ, இவரு." அலைபேசியைக் காட்டினார். "பார்த்தா நல்ல மனுஷனாத்தான் தெரியறாரு. ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம்."

அக்கா அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, குறடை எடுத்து அமுக்கிக் கொடுத்து அனுப்பினாள். நான் அதை "இணையவழியில் மனநிறைவடைந்த வாடிக்கையாளர்: ஒன்று" என்று பதிவு செய்தேன். அன்று சாயங்காலம் அக்கா போனில் கூப்பிட்டாள்.

"எடுத்துட்டேன்னு சொன்னியே?"

"மதிப்பீடு நடக்குதுக்கா. ஒரே ஒரு மாசம். முடிஞ்சதும் தூக்கிடறேன்."

அவள் போனை வைத்துவிட்டாள். சின்ன வயதிலிருந்தே நான் சொல்வதை நம்பித்தான் அவளுக்குப் பழக்கம்.

இதற்கிடையே எங்கள் அலுவலகத்தின் ஒதுக்கீட்டுப் பிரிவும் பின்தங்கிவிடவில்லை. சந்தையில் உள்ள கடைகள் உண்மையிலேயே சிறியவையா என்று பார்க்க முன்பெல்லாம் ஓர் ஆய்வாளர் நடந்து போவார், கடைக்குள் தலையை நீட்டி எண்ணுவார். காலத்துக்கு ஒவ்வாத அந்த முறையைக் கைவிட்டு, இணையதளங்களைப் படித்து ஆட்களை எண்ணும் ஓர் இயந்திரத்தை வாங்கியிருந்தார்கள். ஆக, ஓர் இயந்திரம் எழுதியதை இன்னோர் இயந்திரம் படித்து, வரிக்கு வரி நம்பியது. மனிதர்களுக்கிடையே இப்படியொரு நம்பிக்கையை நான் கண்டதில்லை. இரண்டே வாரத்தில் பயனாளி எண் 1-க்கு ஓலை போயிற்று:

'தங்கள் நிறுவனம் 42 பணியாளர்களுடனும் 3 கிளைகளுடனும் சிறப்புற இயங்கிவருவது தங்கள் சொந்த அறிவிப்பிலிருந்தே தெரியவருவதால், சிறுகடைக்கான ஒதுக்கீட்டை ஏன் ரத்து செய்யக் கூடாது என்பதற்கு நேரில் வந்து விளக்கமளிக்கவும்.'

விசாரணை அறையில் கண்காணிப்பாளர் நடுவில் உட்கார்ந்தார். திட்டத்தின் பொறுப்பாளன் என்பதால் நான் அவர் பக்கத்தில். எதிர் பெஞ்சில் அக்காவும் அத்தானும். அக்கா என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அதை நான் கவனிக்காததுபோல் கோப்பைப் புரட்டினேன்.

"உங்ககிட்ட எத்தனை பேர் வேலை பார்க்கறாங்க?"

"நானும் இவரும் மட்டும்தான் சார்."

"அப்போ இந்த நாற்பத்திரண்டு பேர்?"

"அவங்கள்ல ஒருத்தர்கூட நாங்க இல்ல சார். எங்க படமே அதுல கிடையாது."

"சரி, மொத்தம் நாற்பத்திநாலு," என்று கண்காணிப்பாளர் திருத்தி எழுதிக்கொண்டார்.

"ஐயோ, அப்படி யாருமே இல்ல சார்!"

"இல்லைன்னா, வேலையை விட்டு நின்னதுக்கு ஆளுக்கு ஒரு கடிதம் கொண்டு வாங்க. கையெழுத்தோட."

"இல்லாதவங்ககிட்ட எப்படி சார் கையெழுத்து வாங்கறது?"

"அது உங்க நிர்வாகப் பிரச்சினை. அதுல நாங்க தலையிட முடியாது."

அத்தான் எழுந்துவிட்டார். "ஒரு நடை வந்து கடையைப் பாருங்க சார். பத்தடிக்கு எட்டடி. நாற்பத்திநாலு பேர் நிக்கக்கூட முடியாது."

"நேர்ல வந்து பார்க்கறதை நிறுத்தி ஆறு மாசமாச்சு. உட்காருங்க."

அப்போது அக்கா என்னைக் காட்டினாள். "சார், இதைப் போட்டது நான் இல்ல. இதோ உட்கார்ந்திருக்கானே, என் தம்பி, இவன்தான் போட்டான். எடுத்துடுன்னு சொன்னேன். எடுத்துட்டேன்னான். அவனையே கேளுங்க. டேய், சொல்லுடா."

கண்காணிப்பாளர் மெல்ல என் பக்கம் திரும்பினார். "உறவா சார்?"

என் பதவி உயர்வுக்கான கோப்பு மேல்மாடியில் இயக்குநரின் மேசையில் இருந்தது. முதல் பயனாளியே என் அக்கா, தளத்தில் இருப்பதெல்லாம் புளுகு, சொல்லியும் நான் எடுக்கவில்லை. இந்த மூன்றில் ஒன்றை ஒப்புக்கொண்டால் மற்ற இரண்டும் பின்னாலேயே வந்துவிடும். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"பயனாளிகள் எல்லாருமே என்னைத் தம்பின்னுதான் சார் கூப்பிடுவாங்க. அவ்வளவு நெருக்கமா இறங்கி வேலை செஞ்சிருக்கேன்."

"இதுதான் சார் மக்கள் சேவை," என்று கண்காணிப்பாளர் நெகிழ்ந்துபோனார். அதையும் குறிப்பில் ஏற்றினார்.

அத்தான் என்னை நோக்கி ஓரடி எடுத்து வைத்தார். அக்கா அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது என்பதை இங்கே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். விசாரணைப் படிவத்தில் அதை எழுத இடம் இல்லை.

பதினான்காம் எண் கடையைக் காலி செய்ய மூன்று நாள் கொடுத்தோம். தையல் இயந்திரம் வீட்டுக்குப் போய்விட்டது. மூன்றாம் மாடியில் இருக்கும் அந்த வீட்டுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு யார் ஏறி வருவார்கள்? அத்தான் இப்போது ஒரு கிடங்கில் காவல் பார்க்கிறார். இணையதளத்துக்கு மட்டும் எந்தக் குறையும் இல்லை. பையைத் தொடவே ஆளில்லாத அந்தக் கலைக்கூடத்துக்கு நாளுக்கு நாள் பாராட்டு ஏறுகிறது. கடையில் இப்போது எங்கள் அலுவலகத்தின் 'இணையதள உதவி மையம்' இயங்குகிறது, ஃபேன் வசதியுடன். சந்தையின் முப்பது கடைகளில் பத்தொன்பது இதேபோல் பெரு நிறுவனங்களாக உயர்ந்து வெளியேறிவிட்டன. இவ்வளவு குறுகிய காலத்தில் இத்தனை சிறுதொழில்களைச் சிறுதொழில் அல்லாமல் ஆக்கிய வேறு அலுவலகம் இல்லை என்று மேலிடம் எங்களுக்கு விருது அறிவித்தது.

விருது மலரில் முதல் பயனாளியின் நன்றியுரை வர வேண்டும் என்றார் இயக்குநர். மூன்று மாடி ஏறிப் போய்க் கதவைத் தட்டினேன். அக்கா பாதிக் கதவைத் திறந்தாள்.

"என்ன சார் வேணும்?"

என்னால் நன்றியுரை என்ற சொல்லைச் சொல்ல முடியவில்லை. "அக்கா," என்றேன்.

"பயனாளிங்களை எல்லாம் நீங்க அக்கான்னுதான் கூப்பிடுவீங்களா சார்?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கீழே இறங்கி வந்து, படிக்கட்டிலேயே உட்கார்ந்து, இயந்திரத்திடமே அந்த வேலையைக் கொடுத்தேன். எட்டு நொடியில் நன்றியுரை வந்தது. அதன் கடைசி வரி: 'உதவி இயக்குநர் என்னைத் தன் சொந்த அக்காவைப் போலவே நடத்தினார்.'

செயற்கை நுண்ணறிவு வாய்க்கு வந்ததை இட்டுக்கட்டுகிறது, அதற்கு உண்மை என்பதே தெரியாது என்று சிலர் குறை சொல்லித் திரிகிறார்கள். அவர்கள் விருது மலரின் ஒன்பதாம் பக்கத்தைப் பார்க்கட்டும். அந்த வரியில் நான் ஓர் எழுத்தைக்கூடத் திருத்தவில்லை. என் சொந்த அக்காவை நான் அப்படித்தான் நடத்தினேன்.