நோய்களுக்கு ஒரு மன்னிப்பு விழா

மலையக மேடைத் தமிழுக்கு நோய்களின் அருமையை உணர்த்தியவன் அடியேன்தான். தோட்ட நிர்வாகம் ‘சமுதாயத்தைத் தின்னும் புற்றுநோய்’. எதிர்ச்சங்கம் ‘தொழுநோய்’. சந்தா கட்டாதவர்கள் ‘பக்கவாதம் பிடித்தவர்கள்’. மாத்திரை விழுங்கவே பயப்படும் எனக்கு இத்தனை நோய்கள் கைவசம் இருந்ததால்தான் தொழிற்சங்கம் என்னைத் தலைவராக்கியது.

சென்ற மாதம் கந்தப்பளைக் கூட்டத்தில் நான் புற்றுநோயை அள்ளி வீசியபோது கைத்தட்டலில் தகரக்கூரை அதிர்ந்தது. முன்வரிசையில் தலையில் துண்டு கட்டியிருந்த பேச்சியம்மா மட்டும் தட்டவில்லை. நம் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். கூட்டம் முடிந்ததும் அருகில் வந்தார்.

“தலைவரே, எனக்கு மார்புல புத்துநோய்ங்க. கண்டியில மருந்து ஏத்துறாங்க. திரும்பி வர்றப்ப பஸ்ஸுல ரம்பொடை வளைவு பூரா வாந்திங்க. வர்ற வியாழக்கெழம மட்டும் சங்கத்து வேனக் குடுத்தீங்கன்னா...”

என் நெஞ்சு உருகிவிட்டது. “ஐயோ அக்கா! என் பேச்சு ஒங்க மனச நோகடிச்சிருச்சே!”

“அது கெடக்குதுங்க. வேனு...”

“இதுக்கு ஒரு முடிவு கட்டாம விடமாட்டேன்!” என்று சூளுரைத்தேன். வேனைப் பற்றியும் ‘கவனிக்கிறோம்’ என்றேன். சங்க மரபில் அதற்கு மேல் வாக்குறுதி கிடையாது.

மறுநாளே ‘நோகாச் சொல் உயர்மட்டக் குழு’ கூடியது. நான், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே தமிழ் கற்பிக்கும் பேரின்பநாயகம் மாஸ்டர், சங்கத்தின் பேஸ்புக் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் கஜனி.

“நோயின்ர பேரைச் சொல்லி ஏசுறது பண்பில்லை,” என்றார் மாஸ்டர். “வேணுமெண்டால் சளி, தடிமன் எண்டு சொல்லலாம்.”

“‘நிர்வாகம் ஒரு தடிமன்’னு சொன்னா யாரு சேர் கைதட்டுவா?”

“தடிமன் புடிச்சவங்களுக்கும் மனசு இருக்குங்க,” என்றாள் கஜனி, மூக்கை உறிஞ்சியபடி.

“அப்ப நிர்வாகத்த எதச் சொல்லித்தான் திட்டுறது?” என்றேன்.

“நிர்வாகம்னே திட்டுங்களேன். அதுக்கு மேல கெட்ட வார்த்த எங்க இருக்கு?” என்றாள் அவள்.

குழு அதை ஏகமனதாக ஏற்றது. இனி எந்த நோயின் பெயராலும் யாரையும் திட்டுவதில்லை என்று தீர்மானம். வியாழக்கிழமை மாலை நுவரெலியாவில் ‘மாபெரும் மன்னிப்பு விழா’. சிறப்பு விருந்தினர் பேச்சியம்மா. அவருக்குப் பொன்னாடையும் உண்டு.

விழா என்றால் சும்மாவா? பதாகை, ஸ்பீக்கர் பெட்டி, மாலைகள், பொன்னாடை, உயர்மட்டக் குழு எல்லாம் ஏறியதில் சங்கத்து வேன் பிதுங்கியது. குத்துவிளக்குக்கு இடமில்லாமல் கஜனி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

மண்டபம் நிறைந்துவிட்டது, சிறப்பு விருந்தினரின் நாற்காலி மட்டும் காலி. மேடையிலிருந்தே போன் போட்டேன். அவர் என்னை மன்னிப்பதை எல்லோரும் கேட்கட்டும் என்று போனை மைக்கில் பிடித்தேன்.

“அக்கா, எங்க இருக்கீங்க? ஒங்ககிட்ட மன்னிப்புக் கேக்க ஊரே காத்திருக்கு!”

“இன்னைக்கு வியாழக்கெழமைங்களே தலைவரே. மருந்து ஏத்திட்டு பஸ்ஸுல நின்னுக்கிட்டு வர்றேன். ரம்பொடை வந்துருச்சு.” மூச்சு வாங்கினார். “என் நோயோட பேர நீங்க தாராளமா வச்சுக்கங்க. வேன மட்டும் குடுத்திருக்கலாம்.”

யாரும் கைதட்டவில்லை.

போனை மைக்கிலிருந்து எடுத்தேன். நோயாளியைப் பஸ்ஸில் நிற்கவிட்டு, அவருக்கான பொன்னாடையை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை திட்ட வேண்டும் போலிருந்தது. ஆனால் புற்றுநோய், தொழுநோய், பக்கவாதம் எல்லாவற்றுக்கும் தீர்மானப்படி தடை. வேறு வழியில்லாமல் ‘தலைவர்’ என்றே திட்டிக்கொண்டேன்.