குள்ளர் வீட்டுக்கு முதல் பாக்கு

சவரியின் தலையும் ஒரு கையும் குள்ளர் வீட்டுக்குள் இருந்தன. மிச்சச் சவரி வெளியே வெயிலில் கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தார்.

இண்டூருக்கு மேற்கே, அவருடைய காட்டோரத்தில் நாலு பலகைக் கல்லை நிறுத்தி, மேலே ஒன்றை மூடி, முன்கல்லில் வட்டமாக ஓட்டை போட்டது யார் என்று யாருக்கும் தெரியாது. அறுபத்தாறாம் வருசத்தில் டேப்பு வைத்து அளந்துவிட்டுப் போன ஆராய்ச்சிக்காரர்களுக்கும் தெரியவில்லை. ஊருக்கு மட்டும் சந்தேகமே கிடையாது. முழ உயரக் குள்ளர்கள் கட்டிய வீடு அது. இன்னமும் கண்ணுக்குத் தெரியாமல் குடியிருக்கிறார்கள். கல்யாணத்துக்கு முதல் வெற்றிலை பாக்கை அவர்களுக்கு வைக்காவிட்டால் பந்திக்குச் சோறு வேகாது. அதையும் ஓட்டைக்குள் கையை விட்டு, வீட்டுக்கு உள்ளேதான் வைக்க வேண்டும்.

சவரி மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறாதவர். ஆனால் வைகாசியில் மகள் வேளாங்கண்ணிக்குக் கல்யாணம். "சாமியாருக்குத் தெரியவா போவுது? வெச்சிட்டு ஓடியாந்துடுங்க," என்று மனைவி ரோசம்மாள் தட்டைக் கையில் திணித்துவிட்டாள்.

சாமியாரைச் சமாளித்துவிடலாம். சம்பந்தியை முடியாது. பொம்மிடிக் கோயிலில் செபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் பெரியநாயகம்தான் சம்பந்தி. "குள்ளன், முனின்னு கும்பிடற வூட்ல பொண்ணு எடுக்க மாட்டேன்," என்று நிச்சயத்தன்றே சொன்னவர். மாப்பிள்ளை சின்னப்பராஜுக்கோ ரயில்வேயில் வேலை. இப்படி ஒரு சம்பந்தம் கைநழுவினால் சவரி தாங்கமாட்டார்.

தட்டு வழுக்கி மூலைக்கு ஓடியது. எட்டிப் பிடிக்கப் போய்த்தான் தோள் மாட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்துப் பின்னால் யாரோ இருமினார்கள்.

அது பெரியநாயகத்தின் இருமல். பின்வாங்க வழியில்லை. சவரி மூச்சை அடக்கிக்கொண்டு முழு உடம்பையும் உள்ளே தள்ளினார். சட்டை கிழிந்தது. உட்கார்ந்த இடம் கட்டெறும்புப் புற்று.

"ஐயோ!"

"யாருங்க உள்ள?"

சவரி குரலை மெல்லிசாக்கினார். "நாங்கதான். குள்ளருங்க."

"கும்பிடறேனுங்க," என்றார் பெரியநாயகம்.

சவரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. உபதேசியாரே கும்பிடு போடுகிறார்!

"கும்பிட்டாச்சு இல்ல? கெளம்பு."

"கெளம்பறேனுங்க. ஒரு விசயம் மனசை அரிக்குதுங்க. எம் பையனுக்கு ரயில்வே வேலைன்னு சம்பந்திகிட்ட சொல்லிட்டேன். வேலையெல்லாம் இல்லீங்க. ஸ்டேஷன் வாசல்ல டீ விக்கிறான்."

"என்னது?" சவரியின் சொந்தக் குரல் பாதி வெளியே வந்துவிட்டது. மீதியை விழுங்கிக்கொண்டு மெல்லிசாகச் சொன்னார். "இதை அந்தச் சவரிகிட்டயே போயி சொல்லு. தங்கமான மனுசன்."

"தங்கம்தானுங்க. ஆனா கோவம் வந்தா கையில கெடைக்கறதை எடுத்து அடிச்சிடுவாரு. நீங்க மன்னிச்சிட்டோம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதுங்க."

"மாட்டோம்!"

"அப்ப சொல்ற வரைக்கும் இங்கியே உக்காந்திருக்கேனுங்க."

வெளியே துண்டை உதறி விரிக்கும் சத்தம் கேட்டது. உள்ளே எறும்புகள் முழங்காலைத் தாண்டி வேட்டிக்குள் போய்க்கொண்டிருந்தன.

"மன்னிச்சாச்சு! போய்யா!"

"முழு மனசோடங்களா?"

"ஐயய்யோ, முழு மனசோடதான்!"

மறுநாள் காலை உடம்பெல்லாம் தடிப்போடு சவரி பஸ் பிடித்துப் பொம்மிடிக்குப் போனார். ஸ்டேஷன் வாசலில் மாப்பிள்ளை டீயை ஆற்றிக்கொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்தார். ஏமாற்றிவிட்டார்களே என்ற வருத்தம் எறும்புக்கடியை விட அதிகமாக வலித்தது. கல்யாணத்தை முறித்தே தீருவது என்று சம்பந்தி வீட்டில் போய் உட்கார்ந்தார். ஆனால் எங்கே கேள்விப்பட்டீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது?

"கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளி வெக்கலாங்களா? சோளம் அறுப்பு வருது."

"ஒங்க காட்டுல சோளமே போடலீங்களே," என்றார் பெரியநாயகம்.

"அது... எம் பொண்ணுக்குச் சமைக்க வராதுங்க. சோத்தைக் குழைய விட்டுடுவா."

"பரவால்லீங்க. குழைஞ்ச சோறு எனக்குப் பல்லுக்கு நல்லது."

தன் வாயாலேயே மகளைக் குறை சொன்னதுதான் மிச்சம். சவரி கடைசியாகத் துணிந்தார். "மாப்பிள்ளை வேலையைப் பத்தி ஒருத்தர் ஒரு மாதிரி சொன்னாருங்க."

"யாருங்க சொன்னது?"

சவரி கைத் தடிப்பைச் சொறிந்துகொண்டார். குள்ளர் வீட்டில் இருந்தேன் என்றால் மானம் போகும். சொல்லாவிட்டால் மகள் டீக்கடைக்குப் போவாள். பெரியநாயகம் அவர் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுப்படியிலிருந்து தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள் அவர் மனைவி ராயம்மாள். அதைச் சவரியின் முன்னால் வைத்தாள்.

"எறும்பு கடிச்ச எடத்துல தடவுங்கண்ணா. எங்க வூட்டுக்காரருக்கு எதையும் முகத்தைப் பார்த்துச் சொல்ல வராதுங்க. அதான் நீங்க பாக்கு வெக்க வருவீங்கன்னு தெரிஞ்சு, கல்லுக்குள்ள நொழையற வரைக்கும் வேலியோரமா காத்திருந்து, கோயில்ல சாமியார்கிட்ட பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேக்கறாப்பல ஓட்டை வழியா பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வந்துட்டாரு."